நான்கு சட்டைப் பைகளும் ஒரு பானெட்டும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இதற்குள் போன் வந்திருக்கும், காய்ச்சல் வந்தால் மட்டும் உனக்கு எங்கள் எண் ஞாபகம் வருவதை நான் கவனித்து வைத்திருக்கிறேன். இங்கே நாங்கள் உடம்பால் நலம். மற்றபடி இந்த வீட்டில் நலம் என்று எழுத ஒன்றுமில்லை, அதற்குக் காரணம் நீ. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் நீ சரிம்மா என்று சொல்லிவிடுகிறாய். எதற்குச் சரி என்று உனக்கும் தெரிவதில்லை, எனக்கும் தெரிவதில்லை. காகிதத்துக்குக் குறுக்கே புகுந்து யாரும் சரிம்மா சொல்ல முடியாது, அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி, நின்றுகொண்டே படித்து முடிக்கிற அளவு சின்னதல்ல.

முதலில் மற்ற செய்திகள். உன் அக்காவுக்கு வேலை வேறு கிளைக்கு மாறிவிட்டது, இரண்டு பஸ் பிடித்துப் போகிறாள். அவள் வரத் தாமதமாவதால் மாப்பிள்ளை சமையல் பழகியிருக்கிறார், அந்த வீட்டில் எல்லோரும் இளைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு வாத்தியார் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, இப்போது எங்கள் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்பது வரை பார்த்துச் சொல்கிறார். சமையலறைக் குழாய் மூன்று வாரமாகச் சொட்டுகிறது. அடியில் வாளி வைத்திருக்கிறேன், வாளி நிரம்பினால் செடிக்கு ஊற்றுகிறேன், செடி அழுகிக்கொண்டிருக்கிறது. குழாயைச் சரிபண்ணுகிற ஆள் இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவர் ஏன் நிறுத்தினார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு மறந்திருக்கும், எனவே முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் நீ எங்கேயோ ஒரு காட்சிக்கூடத்தில் அந்த ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்தாய். அதை மொத்தமே பதினேழுதான் செய்தார்களாம், அதில் ஆறுதான் மிச்சமாம். பார்த்த மனிதன் பார்த்தோம் என்று வந்திருக்கலாம். நீ ஒரு பழைய புத்தகத்திலிருந்து ஒன்பது படங்களை எடுத்து அப்பாவுக்கு அனுப்பி, அப்பா இதே மாதிரி ஒண்ணு நாம கட்டுவோமா என்று கேட்டாய். அந்த நாம என்பதில் உன் பங்கு ஒன்பது படம், மீதி முழுவதும் எங்கள் பங்கு. உன் அப்பா முப்பத்துநான்கு வருடம் பஸ் பாடி கட்டியவர். பஸ் என்பது ஒரு பெட்டி, தீப்பெட்டியைப் பெரிதாக்கி ஜன்னல் வைத்தால் பஸ். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரு நல்ல வளைவைத் தட்டிப் பார்க்க வாய்ப்பே வந்ததில்லை. அவர் ஓய்வு பெற்று, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து உன் படங்கள் வந்து சேர்ந்தன. ஒன்பது படத்தையும் லாமினேட் செய்து, ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போட்டு, ஷெட்டின் சுவரில் வரிசையாக மாட்டினார். எங்கள் கல்யாணப் படம் இன்னும் பீரோவுக்குள் கவரில் இருக்கிறது.

வரைபடம் கிடையாது. சக்கரம் எத்தனை அங்குலம் என்று மட்டும் நீ எழுதி அனுப்பியிருந்தாய். அந்த ஓர் அளவை வைத்துக்கொண்டு உன் அப்பா படங்களின் மேல் ஸ்கேலும் காம்பஸும் வைத்து வண்டி முழுவதையும் கணக்குப் போட்டு எடுத்தார். நாலு மாதம் மரச்சட்டத்தில் கார் வடிவத்தில் ஒரு கூடு கட்டினார். பிறகு அலுமினியத் தகடு. மணல் மூட்டையின் மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் தட்டுவது, எடுத்துப் போய்க் கூட்டின் மேல் வைத்துப் பார்ப்பது, பொருந்தாவிட்டால் திரும்ப மூட்டைக்கு வருவது. என்ஜினை மூடுகிற பானெட்டுக்கு மட்டும் பதினாலு மாதம். அந்தக் காருக்குப் பானெட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு மேடு இருக்கும், கீழே என்ஜினின் அந்தப் பக்கத்தில் நிற்கிற கார்புரேட்டர்களுக்கு இடம் விடுவதற்காக. அந்த மேட்டை நாலு தடவை தட்டி நாலு தடவை பிடிக்காமல், ஐந்தாவது தடவை சரியாக வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னார். தடவிப் பார்த்தேன். மடிப்புக் கலையாத பட்டுத் துணி மாதிரி இருந்தது, அதை நான் அவரிடம் சொல்லவில்லை, ஏனென்றால் அன்று என் தையல் மெஷினுக்குள் அலுமினியத் தூள் போய் ஊசி நின்றிருந்தது. கார் என்றால் ஏறி உட்காருவார்கள் என்று நினைத்திருந்தேன். இது ஏறுகிற வண்டியில்லை, இறங்குகிற வண்டி. உன் அப்பா ஒருமுறை உள்ளே இறங்கி உட்கார்ந்து பார்த்தார், வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. அந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி, இன்னொருவர் லேத்துக்காரர்.

உன் லேத்து சித்தப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் முதல் சைக்கிளுக்குப் பெடல் கம்பி கடைந்து கொடுத்தவர், உன் அப்பாவை நாற்பது வருடமாக அண்ணே என்று கூப்பிடுகிறவர். பாடி இவர் வேலை, என்ஜின் அவர் வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். அந்த ஸ்போர்ட்ஸ் காரின் கம்பெனியே செய்த சாதாரணக் குடும்பக் கார் ஒன்றின் என்ஜின் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதை அவர் தன் பட்டறைக்கு எடுத்துப் போய், ஒவ்வொரு ஞாயிறும் பிரித்து, கடைந்து, பூட்டி, தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார். இங்கே ஷெட்டில் அளவு பார்ப்பதற்காக அதே நீள அகலத்தில் ஒரு வெறும் மரப்பெட்டி செய்து கொடுத்திருந்தார். இரண்டு வருடம் அந்த மரப்பெட்டிதான் எங்கள் என்ஜின். பெட்டிக்குக் கார்புரேட்டர் கிடையாது, அதனால் எந்தப் பக்கமும் எதுவும் இடிக்கவில்லை. உண்மையான என்ஜினும் உண்மையான பானெட்டும் ஒன்றையொன்று முதன்முதலாகப் பார்த்துக்கொண்டது போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலையில்.

அன்று உன் அப்பா ஆட்களை அழைத்திருந்தார். அவருடைய பழைய பஸ் பட்டறையின் சூப்பர்வைசர், பெயின்டர், இரும்புக் கடைக்காரர், பம்ப் கடைக்காரர், வாத்தியார், இன்னும் தெருக்காரர்கள். மொத்தம் பதினோரு பேர். டீ போட்டது நான், அதனால் எண்ணிக்கையில் தவறு வராது. செயின் பிளாக்கில் என்ஜினைத் தூக்கி மெதுவாக இறக்கினார்கள், என்ஜினைத் தாங்க சித்தப்பா செய்த மவுண்டிங்கில் நாலு ஓட்டையும் ஒரே தடவையில் பொருந்தியது, எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு நாலு பேர் பானெட்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள். மூடவில்லை. கார்புரேட்டர் இரண்டும் வலப்பக்கம் நிமிர்ந்து நின்று தகட்டை இடித்தன. மேடு இடப்பக்கம். அந்த மேட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, ஒரு பூனை குட்டி போட்டு வளர்க்கலாம், அவ்வளவு காலியிடம். சைலன்சர் பைப்புக்கு உன் அப்பா ஓட்டை விட்டிருந்தது வலப்பக்கம், என்ஜினில் பைப் வருகிற இடம் இடப்பக்கம். பெயின்டர்தான் முதலில் சிரித்தார். உன் அப்பா சித்தப்பாவைப் பார்த்து, என்னய்யா வெச்சிருக்க, உனக்கு இடது எது வலது எதுன்னு தெரியாதா என்று கத்தினார். அவர் அமைதியாக, அண்ணே என்ஜினுக்கு ஒரே ஒரு முன்பக்கம்தான், திருப்பி வெச்சா வண்டி பின்னாலதான் போகும், உங்களுக்குப் பரவாயில்லைன்னா திருப்பறேன் என்றார். பதினோரு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. உன் அப்பா, தண்ணிக் குழாய்க்கு மரை போடறவனை நம்பி என்ஜினைக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும் என்றார்.

அதற்குப் பிறகு சித்தப்பா குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுற்றினார், குடிக்காத டீயை என் கையில் கொடுத்து வரேன் அண்ணி என்றார். வரவில்லை. பதினோரு பேர் பதினோரு இடத்துக்குப் போய்ப் பேசினார்கள், அதற்குத்தானே மனிதருக்கு வாய் இருக்கிறது. லேத்துக்காரருக்கு வயசாயிடுச்சு, இடம் வலம் மறந்துபோச்சு என்பது ஒரே வாரத்தில் கடைத்தெரு முழுவதும் தெரிந்த உண்மையாகிவிட்டது. பஸ் பட்டறையிலிருந்து அவருக்கு மாதாமாதம் வரும் வேலை மார்க்கெட் மூலையில் புதிதாகத் திறந்திருக்கிற பட்டறைக்குப் போய்விட்டது. பம்ப் கடைக்காரர் ஒரு ஷாஃப்ட் கொடுக்கும்போது, அளவு ஒரு தடவை சரிபார்த்துக்குங்க என்றாராம். நாற்பது வருடத்தில் அவரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை. இது எதுவும் உன் அப்பா காதில் விழவில்லை, விழுந்ததையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பானெட்டைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல், சீட்டாவது தச்சுக் குடு என்று என்னிடம் வந்தார்.

நான் சட்டை தைக்கிறவள். ரெக்சின் எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் தையல் தையல்தான். சீட்டில் கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றனவா குறுக்குவாக்கில் ஓடுகின்றனவா என்று பார்ப்பதற்காக ஏழாம் எண் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, ஜன்னலோரம் கொண்டுவந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்று வருடமாக அந்தச் சுவரைத் தாண்டித்தான் துணி காயப்போடப் போகிறேன், ஒருநாளும் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. காரைச் சுற்றி நாலு ஆட்கள் நிற்கிறார்கள். நாலு பேருக்கும் சட்டைப் பை வலப்பக்கம். நான் இதுவரை எத்தனை ஆயிரம் சட்டைப் பை வைத்துத் தைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும், உன் காலேஜ் படிப்பு அந்தப் பைகளிலிருந்துதான் வந்தது. வலப்பக்கம் பை வைத்துக் கேட்டவர்கள் என் வாழ்நாளில் இரண்டே பேர். சரி, அந்த ஊர் வழக்கம் வேறாக இருக்கும் என்று பட்டனைப் பார்த்தேன். நாலு ஆண்பிள்ளைகளும் பெண்கள் சட்டை மாதிரி பட்டன் போட்டிருந்தார்கள். ஒருவன் இடக்கையில் பேனா பிடித்து எழுதுகிறான், இன்னொருவன் வலது மணிக்கட்டில் வாட்ச் கட்டியிருக்கிறான். ஓர் ஊரில் இத்தனை பேர் ஒரே நாளில் ஒரே காரைச் சுற்றி இப்படிக் கூடமாட்டார்கள். கார்க் கதவில் எண் எழுதியிருந்தது, அது காட்டிக்கொடுத்திருக்கும் என்று நினைத்தால் அது எட்டு. எட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டுதான். உனக்கு அதிர்ஷ்டம் எப்போதும் உண்டு.

அப்போதுதான் உனக்குப் போன் செய்தேன். நீ ஒளிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆமாம்மா படத்தை இடவலமா நான்தான் திருப்பினேன், அந்த ஊர் வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம், நம்ம ரோட்டுக்கு வலது பக்கம் இருந்தாதானே அப்பாவுக்கு வசதி, கம்ப்யூட்டர்ல ஒரு நொடி வேலைம்மா, நான் சொல்லலையா என்றாய். சொல்லவில்லை. இடக்கைப் பழக்கம் உள்ளவருக்குச் சட்டை தைக்க வேண்டுமானால் நாங்கள் பையை மட்டும் மாற்றித் தைப்போம், சட்டை முழுவதையும் உள்ளும் வெளியுமாகத் திருப்பிக் கொடுத்து வசதி என்று சொல்லமாட்டோம். ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டுமென்றால் ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். நீ காரையே திருப்பிவிட்டாய், என்ஜினைத் திருப்ப உன் கம்ப்யூட்டரால் முடியவில்லை. உன்னுடைய ஒரு நொடிக்கு உன் அப்பாவின் பதினாலு மாதம் சரியாகப் போயிற்று. இதைக்கூட நான் மன்னித்துவிடுவேன், பெற்ற வயிறு முட்டாள்தனத்தை மன்னிக்காமல் வேறு யார் மன்னிப்பது. ஆனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானமே உன் அப்பா உனக்குப் போன் செய்து, மவுண்டிங் பக்கம் மாறிப்போச்சுடா, மேடு ஒரு பக்கம் கார்புரேட்டர் ஒரு பக்கம், லேத்துக்காரன் கவுத்துட்டான் என்று சொல்லியிருக்கிறார். நீ அடடா என்றிருக்கிறாய். அந்த அடடா சொல்லும்போது உனக்கு உண்மை தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். லைன் சரியில்லைம்மா என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது, உன் பின்னால் மருமகள் பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னாய், அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்மா, வருத்தப்படுவார், சித்தப்பா எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிடுவார் என்று.

நான் உன் அப்பாவிடம் சொன்னேன். வருத்தப்படட்டும் என்றுதான் சொன்னேன். ஏழாம் படத்தை எடுத்துக்கொண்டு அவர் பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்று, படத்தைக் கண்ணாடிக்குக் காட்டினார். கண்ணாடிக்குள் கார் சரியாக இருந்தது. மேடு வலப்பக்கம், ஸ்டியரிங் இடப்பக்கம், நாலு பேருக்கும் பை இருக்க வேண்டிய இடத்தில். வெகுநேரம் பார்த்தார். நான் என்ன எதிர்பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை, குறைந்தது ஒரு கெட்ட வார்த்தையாவது. அவர் திரும்பி, நல்லதுக்குத்தானே பண்ணியிருக்கான், நமக்கு ஓட்ட சௌகரியமா இருக்கணும்னு அவ்வளவு தூரத்துல இருந்து யோசிச்சிருக்கான் பாரு என்றார். கண்ணில் பெருமை வேறு. நாற்பது வருடம் கூட இருந்தவருக்கு அரை நிமிடம் யோசிக்காமல் தண்ணிக் குழாய். மூன்று வருட உழைப்பைக் குப்பையாக்கினவனுக்கு அரை நிமிடத்தில் மன்னிப்பு. இந்த வீட்டில் நீதி எப்படி நடக்கிறது என்று நான் பல புத்தகங்களில் தேடியிருக்கிறேன், எந்த நாட்டுச் சட்டத்திலும் இது இல்லை. சரி, இப்பவே போய் லேத்துக்காரர்கிட்ட சொல்லிட்டு வாங்க என்றேன். அவர், என்னன்னு போய்ச் சொல்றது, என் பையன் படத்தைத் தப்பா அனுப்பிட்டான்னு ஊர் பூரா சிரிக்கணுமா, அவன் அங்க என்ன வேலையில இருக்கான் தெரியுமில்ல என்றார். நீ அங்கே என்ன வேலையில் இருக்கிறாய் என்று எங்கள் இருவருக்குமே சரியாகத் தெரியாது. ஆனால் அது இன்னொருவர் பெயரைக் காலில் போட்டு மிதிக்கிற அளவு பெரிய வேலையாக இருக்காது.

மறுநாள் காலை நானே பட்டறைக்குப் போனேன். போகும்போது வாசலில் லேத் ஓடிக்கொண்டிருந்தது, அவர் எழுந்திருக்கவில்லை, ஸ்டூலை மட்டும் காலால் தள்ளிவிட்டார். அந்தப் பட்டறையில் எப்போதும் மூன்று நாலு பேர் காத்துக்கொண்டிருப்பார்கள், அன்று யாரும் இல்லை. ஒரு கேட்டுக்குக் கீல் குண்டு கடைந்துகொண்டிருந்தார், அதுவும் பக்கத்துத் தெருவில் யாரோ ஒரு வயதானவர் கொடுத்தது. படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை, பைகளைக் காட்டினேன், புரிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். பையன் கெட்டிக்காரன் அண்ணி, நான் நாப்பது வருஷத்துல ஒரு போல்ட்டைக்கூட கண்ணாடியில பார்த்துக் கடைஞ்சதில்ல என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவர் பெரிய மனது பண்ணி, போகட்டும் அண்ணி, நம்ம பையன்தானே என்று சொல்லுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன், உண்மையிலேயே பயந்தேன், ஏனென்றால் அப்படிச் சொல்லியிருந்தால் நீயும் உன் அப்பாவும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். நல்லவேளை, அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் தப்புப் பண்ணலைன்னு உங்களுக்குத் தெரியும், இப்ப அண்ணனுக்கும் தெரியும், பையனுக்கு அன்னைக்கே தெரியும், தெரியாதவங்க பதினோரு பேரு, அவங்கதான் அண்ணி எனக்கு வேலை குடுக்கறவங்க என்றார். அண்ணன் என்னைத் தனியா கூப்பிட்டுத் தோள்ல கைபோட்டா எனக்கு எதுக்கு ஆகும், சொன்னது சபையில, அதே சபையில சொல்லச் சொல்லுங்க, அதுக்கப்புறம் நானே வந்து என்ஜினைத் தொடறேன், அதுவரைக்கும் குழாய் சொட்டினாலும் கூப்பிடாதீங்க என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வீட்டுக்கு வந்து சீட்டுக்கு வெட்டிய ரெக்சினைச் சுருட்டி மெஷினுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஏன் தைக்கவில்லை என்று உன் அப்பா தினமும் கேட்கிறார், நூல் சரியில்லை என்கிறேன். உன் லைன் சரியில்லாமல் போகலாம் என்றால் என் நூலும் சரியில்லாமல் போகலாம். அவர் ஷெட்டில் உட்கார்ந்து பானெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேட்டை வெட்டி மறுபக்கம் ஒட்ட வைக்கலாமா என்று பென்சிலால் கோடு போடுகிறார், பிறகு எச்சில் தொட்டு அழிக்கிறார். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. பாவமாக இருக்கிறவர்கள் செய்கிற அநியாயம் அநியாயமில்லை என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனவே நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வர பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள், கூடவே ஒரு வாரம் போட்டுக்கொண்டேன். வரும் இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பதினோரு பேரும் நம் ஷெட்டுக்கு வருகிறார்கள். ஒவ்வொரு வீடாக நானே நடந்து போய்ச் சொல்லிவிட்டேன், கார் விஷயம் என்று மட்டும் சொன்னேன், பெயின்டர் கட்டாயம் வரேன்க்கா என்றார், போன தடவை சிரித்தது போதவில்லை போலிருக்கிறது. லேத்துக்காரரும் வருகிறார். வாசலுக்கு வெளியேதான் நிப்பேன் அண்ணி என்றார், அங்கிருந்தே கேட்கும், போதும். உன் அப்பா எல்லோரும் சீட்டைப் பார்க்க வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், சீட் தைத்தாகவில்லையே என்று கவலைப்படுகிறார். சரியாகப் பத்தேகாலுக்கு நான் உனக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, அந்தப் பானெட்டின் மேல் வைப்பேன். நீ பேச வேண்டும்.

என்ன பேசுவது என்று யோசித்து நேரத்தை வீணாக்காதே, நான் யோசித்துவிட்டேன். படத்தைத் திருப்பினது நான், யாரிடமும் சொல்லவில்லை என்று சொல். சித்தப்பா செய்த மவுண்டிங்கில் நூலளவும் தப்பில்லை, தப்பு என்று அப்பா சொன்ன அன்றே எனக்கு உண்மை தெரியும், வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல். சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல். இவ்வளவுதான். நல்லதுக்குத்தான் செய்தேன் என்பது வேண்டாம். வசதி, நொடி, கம்ப்யூட்டர் இந்த மூன்று வார்த்தைகளும் வரக்கூடாது. நகைச்சுவையாகப் பேச முயலாதே, உனக்கு அது வராது, அந்தக் குறை உன் அப்பாவிடமிருந்து வந்தது. சத்தமாகப் பேசு, வாசல் வரை கேட்க வேண்டும். அதற்குப் பிறகு உன் அப்பா சொல்ல வேண்டியதை அவர் சொல்லுவாரா மாட்டாரா என்பது என் பாடு. முப்பத்தாறு வருடமாக என் பாடுதான். நீ உண்மையைச் சொன்ன பிறகு உன்னைக் காப்பாற்றுவதற்காக அவர் வாயை மூடிக்கொண்டிருக்கத் தேவையிருக்காது, அது ஒன்றுதான் நீ அவருக்குச் செய்யக்கூடிய உதவி. பானெட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், நீ திருத்தக்கூடியது அதுவல்ல. அதைத் தட்டினவரும் என்ஜின் பூட்டினவரும் மறுபடி ஒரே ஷெட்டில் நின்றால் இன்னொன்று தட்டிக்கொள்வார்கள். நிற்காவிட்டால் அது சுவரில் சாய்ந்தே இருக்கட்டும், உன் சாமர்த்தியத்துக்கு ஒரு நினைவுச் சின்னமாக.

அந்தச் சமயம் பார்த்து உனக்கு மீட்டிங் வரலாம். சார்ஜ் தீரலாம். லைன் சரியில்லாமலும் போகலாம். வந்தவர்களைக் காக்க வைக்கமாட்டேன், போன் ஐந்து தடவை அடித்தும் நீ எடுக்காவிட்டால் நானே சொல்லிவிடுவேன். நீ சொன்னால் மூன்று வாக்கியம். நான் சொன்னால் மூன்று வாக்கியத்தில் முடியாது, நீ நாலு வயதில் செய்ததிலிருந்து ஆரம்பிப்பேன், பதினோரு பேருக்கும் அன்று வேறு வேலை இல்லை.

மருமகளுக்கு இதைப் படித்துக் காட்டு, அவளுக்கு உன்னைப் பற்றித் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுத்தில் இருப்பது நல்லது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. நீங்கள் இருவரும் நோய் நொடியின்றி, நிமிர்ந்து பேசக்கூடிய பெயரோடு, நீண்ட நாள் வாழ வேண்டும். கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆசீர்வாதத்தில் மட்டும் குறைவைக்கவில்லை. பத்தேகால் என்றால் எங்கள் கடிகாரத்துப் பத்தேகால். அங்கே விடியாமல் இருந்தால் எழுந்திரு.

உன் அம்மா.